லேவியராகமத்தில் நின்றுபோகும் வேதவாசிப்பு

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் வேதாகமத்தை ஒரு வருடத்தில் வாசித்து முடிக்கத் தீர்மானிக்கிறேன். பிப்ரவரியைத் தாண்டுவதில்லை. வாசித்ததும் மத்தியானத்துக்குள் மறந்துவிடுகிறது. என் விசுவாசம் குறைவுபட்டதா?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: விசுவாசத்தில் குறையில்லை சகோதரி, திட்டத்தில்தான் கோளாறு. 66 புத்தகங்களிலும் சேர்த்து 1,189 அதிகாரங்கள். வருடத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்று, சில நாள் நான்கு வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. மும்மூன்றாகப் போனால் ஜனவரி 30-ல் இரண்டும் முடியும்; மறுநாளே மூன்றாம் புத்தகமான லேவியராகமம். யாத்திராகமத்தில் வரும் ஆசரிப்புக்கூடாரத்தின் (இஸ்ரவேலரின் ஆராதனைக் கூடாரம்) அளவுகளிலேயே பாதி தளர்ந்திருப்போம், அடுத்து பலிகளின் முறைமைகள். இரண்டு நாள் விட்டுப்போனால் ஆறு அதிகாரம் பாக்கி. அதை அடைக்கிற அவசரத்தில் கண் ஓடுமே தவிர மனம் கூட வராது. (லேவியராகமம் ஒதுக்க வேண்டிய புத்தகமல்ல. புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள், அர்த்தம் புரியும்.)

இப்போதைக்கு மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். நாளுக்கு 10, 12 வசனம் போதும். இரண்டு மாதத்தில் முடியும். ஒரே பகுதியை மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை வாய்விட்டு, நிதானமாக. இரண்டாம் முறை, மனதைத் தொடுகிற இடத்தில் நின்றுவிடுங்கள். மூன்றாம் முறை அந்த வசனத்தையே ஜெபமாக்குங்கள். 4-ம் அதிகாரம் 35 முதல் 41 வரை பாருங்கள். படவில் தண்ணீர் நிரம்புகிறது, இயேசுவோ பின்னணியத்தில் (படவின் பின்பகுதியில்) தலையணை வைத்துத் தூங்குகிறார். "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று சீஷர்கள் கேட்கிறார்கள். கடன், வியாதி, பிள்ளையின் படிப்பு என்று எது உங்களை அழுத்துகிறதோ, அதைச் சொல்லி அதே கேள்வியை நீங்களும் கேட்கலாம். காற்றை அதட்டியவர் அப்படிக் கேட்டவர்களைத் தள்ளிவிடவில்லை.

அந்த ஒரு வசனத்தை நோட்டில் கையால் எழுதுங்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் முணுமுணுங்கள். மொத்தம் 15 நிமிடம்தான். கைப்பேசியில் மட்டும் வாசிக்காதீர்கள். வாட்ஸ்அப் செய்தி ஒன்று வந்தால் தியானம் அங்கேயே கலைந்துபோகும். ஒரு நாள் தவறினால் பாக்கியை மறந்துவிட்டு அன்றைய பகுதிக்குப் போங்கள்.

கேள்வி: சில மாதங்களாக ஜெபிக்க முழங்காற்படியிட்டால் வார்த்தையே வருவதில்லை. தூக்கமும் கெட்டுவிட்டது. "ஸ்தோத்திரம் சொல்லுங்கள், சரியாகும்" என்கிறார்கள்.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: சகோதரரே, வராத ஸ்தோத்திரத்தை வரவழைக்க வேண்டாம். 13-ம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை முறையிடுகிறது, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. 5-ம் வசனம் வாயில் வராவிட்டால் 4-ல் நிறுத்துங்கள். 88-ம் சங்கீதம் முறையீட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

சாகவேண்டுமென்று கோரிய தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா தூங்கி விழித்தபின் மறுபடியும் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). சரீரத்தைக் கவனிப்பது அவிசுவாசமல்ல. தூக்கக்கேடும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு மாதக்கணக்காகிவிட்டது, இந்த வாரமே போங்கள். சாகலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் தனியாக இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ உடனே அழையுங்கள். எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.