கயாக்கில் பெரிய மீன் இழுத்தால்

தூண்டிலில் பெரிய பாரை மீன் மாட்டியதும் கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) பக்கவாட்டில் சாய்ந்தது, தூண்டில் நரம்பும் அறுந்தது என்கிறீர்கள். ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு விசையில் வெளியே ஓட வேண்டும் என்று வைக்கும் பிடி) அதிகம் இறுக்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. டிராக்கின் பிடி, நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை போதும். 12 கிலோ நரம்பென்றால் 3 முதல் 4 கிலோ. கரையிலேயே நரம்பில் தொங்கு தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள், கைக்கணக்கு ஏமாற்றும்.

மீன் ஓடும்போது தூண்டில் கழியைப் பக்கவாட்டில் விடாமல் கயாக்கின் முன்முனைப் பக்கம் நீட்டிப் பிடியுங்கள். கயாக் தானே மீன் பக்கம் திரும்பிவிடும். அப்புறம் மீன் இழுத்துக்கொண்டு போகட்டும்; படகையும் சேர்த்து இழுத்தால் சீக்கிரம் களைத்துவிடும். நங்கூரம் போட்டிருந்தால் உடனே விடுவித்துவிடுங்கள்.

மீன் பக்கத்தில் வந்ததும் ஆவலில் அந்தப் பக்கமே குனிவோம் (நானும்தான்). கயாக் மேல்தளம் திறந்ததாக இருந்தால் எதிர்ப்பக்கம் ஒரு காலைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள், எளிதில் சாயாது.