களைத்துப்போன மகனுக்கு இங்கிருந்து மாத்திரை அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. செப்டம்பரில் முதுகலை படிக்க ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போனான். ஒரு மாதமாக எப்போது பேசினாலும் ‘அசதியா இருக்கும்மா’ என்கிறான். காலையில் எழ முடியாமல் வகுப்பைத் தவற விடுகிறான். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதாம், உடம்பெல்லாம் அரிப்பாம். வாரத்தில் மூன்று நாள் இரவு 11 மணி வரை உணவக வேலை. நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. விடுமுறைக்கு வந்த அவன் நண்பன் டிசம்பர் கடைசியில் திரும்புகிறான். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட், ஆன்டிபயாடிக், அரிப்புக்கு ஒரு களிம்பு கொடுத்தனுப்பலாமா? – வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: மூன்றுமே வேண்டாம் அம்மா. களைப்புக்கு ஆன்டிபயாடிக்கில் வேலையே இல்லை. நம் கடைகளில் அரிப்புக்குக் கேட்டால் எடுத்துத் தரும் களிம்புகளில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு படர்தாமரையால் வந்ததென்றால், முதலில் அடங்கியதுபோல் காட்டிவிட்டுப் பிறகு அகலமாகப் பரவும்.

60,000 யூனிட் என்பது 1,500 மைக்ரோகிராம். ரத்தத்தில் குறைபாடு தெரிந்தவர்களுக்கு, வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதித் தருவது. வாரத்துக்கு ஒன்றைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு சாப்பிடுவதுதான் இதில் வழக்கமாக நேரும் தவறு. கால்சியம் ஏறி, தாகம், வாந்தி, மலச்சிக்கல், கடைசியில் சிறுநீரகம் வரை போகும். அவனுக்குத் தேவை தினமும் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட். அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே மலிவாகக் கிடைக்கும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை அந்த நாட்டு வெயிலில் தோலுக்கு வைட்டமின் டி செய்யும் கதிர் போதாது. ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். நம்மைப்போல் தோல் நிறம் கருத்தவர்கள் ஆண்டு முழுக்க எடுத்துக்கொள்வது நல்லது. பெட்டியில் ‘மைக்ரோகிராம்’, ‘யூனிட்’ எது போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உறை வேண்டாமென்றால் மாத்திரையாக வாங்கலாம்.

ஆனால் களைப்பு முழுவதையும் வைட்டமின் டி தலையில் கட்ட நான் தயாரில்லை. தூக்கத்தைப் பாருங்கள். டிசம்பரில் அங்கே காலை 8.45 வாக்கில்தான் விடியும், 3.45க்கெல்லாம் இருட்டும். 11 மணிக்கு வேலை முடித்து, அறைக்கு வந்து, சாப்பிட்டு, போன் பார்த்துப் படுக்க 2 மணி ஆகிறது என்று வையுங்கள். எழும்போது பாதிப் பகல் போயிருக்கும். காலை வெளிச்சம் கண்ணில் படாவிட்டால் உடம்பின் கடிகாரம் நாளுக்கு நாள் பின்னுக்குப் போகும். இன்னொன்று: குளிர்காலத்தில் அங்கே நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். நீங்கள் காலை 6 மணிக்குக் கூப்பிட்டால் அவனுக்கு இரவு 12.30. உங்கள் இரவு 8 மணிக்குப் பேசுங்கள், அவனுக்குப் பகல் 2.30.

வேலை இல்லாத நாளிலும் எழும் நேரம் மாறக் கூடாது. விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி வெளியே நடக்கட்டும். மேகமூட்டமாக இருந்தாலும் அறை விளக்கைவிட வெளிச்சம் பல மடங்கு அதிகம். பிற்பகல் 2 மணிக்கு மேல் காபி, எனர்ஜி டிரிங்க் வேண்டாம்.

முடி கொட்டுவதற்குத் தண்ணீரைக் குறை சொல்வார்கள். கிளாஸ்கோவுக்கு வருவது காட்ரின் ஏரித் தண்ணீர், நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைவிட மென்மையானது. இடமாற்றம், தூக்கக் குறைவு, காய்ச்சல், எடை இறங்குவது ஆகியவை நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி உதிரும். செப்டம்பரில் போனவனுக்கு இப்போது கொட்டுவது கணக்குக்குச் சரியாக வருகிறது. பெரும்பாலும் தானாகவே நிற்கும். இரும்புச்சத்துக் குறைவும் இதைச் செய்யும் என்பதால் பரிசோதனை தேவை.

அரிப்புக்கு முதல் சந்தேகம் ஹீட்டரும் வெந்நீர்க் குளியலும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் குளித்து, ஈரம் முழுக்கக் காயுமுன் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் கிரீமைத் தாராளமாகத் தடவட்டும். கிரீம் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். அந்தச் சட்டையோடு அடுப்பருகே நிற்கக் கூடாது. இரவில்தான் அரிப்பு அதிகம், விரலிடுக்கிலும் இடுப்பிலும் பொரிப்பொரியாக இருக்கிறது, அறைத்தோழனும் சொறிகிறான் என்றால் அது சிரங்கு. மாணவர் விடுதிகளில் இது சகஜம். பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீமைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவி, ஒரு வாரம் கழித்து மறுபடி தடவ வேண்டும். கூட இருப்பவர்களும் அதே நாளில் தடவாவிட்டால் திரும்ப வரும்.

இனி முக்கியமான வேலை. அவன் ஜிபி என்று அங்கே சொல்லும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்திருக்கிறானா? நிறையப் பிள்ளைகள் காய்ச்சல் வந்த பிறகுதான் இதை யோசிக்கிறார்கள். விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் ஏற்கெனவே கட்டியாயிற்று. பதிவுக்குத் தனியாகப் பணமில்லை, ஸ்காட்லாந்தில் மருந்துச் சீட்டுக்கும் காசில்லை. காலையில் போன் செய்தால் வரவேற்பில் இருப்பவர் என்ன பிரச்சினை என்று கேட்பார். அவமானமாக நினைக்காமல் ‘ஒரு மாதமாகக் களைப்பு, சைவ உணவு, முடி உதிர்வு’ என்று ஒரே மூச்சில் சொல்லட்டும். மருத்துவரிடம் கிடைப்பது பத்து நிமிடம்போல்தான், எழுதி வைத்துக்கொண்டு போகட்டும். ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு), வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை பார்க்கக் கேட்கலாம். பால் குடிப்பவர்களுக்குக்கூட அங்கே போய் ஓட்ஸ் பால் பழகினால் நாளடைவில் பி12 குறையலாம். ஓட்ஸ் பால் வாங்கினால் லேபிளில் பி12 சேர்த்ததாகப் போட்டிருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனமாகக் கேட்டு அறியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்து, பிடித்ததில்கூட நாட்டமில்லாமல், பேச்சைக் குறைத்துக்கொண்டே வருகிறானா? ‘சாகணும்போல இருக்கா’ என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவன் அன்றே அங்குள்ள மருத்துவ உதவி எண் 111-ஐ அழைக்கட்டும், உயிருக்கு ஆபத்தென்றால் அவசர எண் 999. மூன்று வாரம் தாண்டிய இருமலும் எடைக் குறைவும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை கேட்க வேண்டும். விசாவுக்கு எடுத்த எக்ஸ்ரே சரியாக இருந்தது என்று விட்டுவிட முடியாது.

நண்பனிடம் அவனுடைய தடுப்பூசி அட்டை நகலும் பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கையும் அனுப்புங்கள். பருப்புப்பொடியும் அனுப்பலாம். நெய் மட்டும் வேண்டாம், பால் பொருட்களை இங்கிருந்து உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை.