நண்டுக்கு மூளையே இல்லை என்கிறார்கள். பிறகு அதன் நரம்பையும் வலியையும் ஆராய்வதால் என்ன பயன்?

கேட்டவர் சந்தையில் நண்டு வாங்கி வந்திருப்பார், வீட்டில் யாரோ "பாவம், உயிரோட போடாதீங்க" என்றிருப்பார்கள், அந்த எரிச்சலில் இங்கே வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் "இதுக்கெல்லாம் ஆராய்ச்சியா" என்ற தொனி எனக்கு நன்றாகப் பழக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள் நான். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இன்றைக்கும் என் பெயர் "நண்டு படிச்ச புள்ள".

மூளை இருக்கிறது. கண்களுக்கு நடுவில், உணவுக்குழாய்க்கு மேலே உள்ள சிறிய நரம்புத் திரள்தான் அது. அதைவிடப் பெரிய இன்னொரு திரள் நெஞ்சுப் பகுதியில், அடிப்பக்கமாக இருக்கிறது. கால்களுக்கும் கொடுக்குகளுக்கும் நரம்பு போவது அங்கிருந்துதான். இந்த இரண்டாவது திரளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சமையலறையில் தேவைப்படும்.

பயன் என்ன என்றால், நண்டின் இரைப்பைக்குள் பற்கள் உண்டு. இரையை அரைக்கும் அந்தப் பற்களை ஆட்டிவைப்பது ஏறக்குறைய 30 நரம்புக் கலங்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு. மனித மூளையில் இருப்பவை சுமார் 8,600 கோடி. அத்தனையையும் ஒன்றொன்றாகப் பின்தொடர யாராலும் முடியாது, முப்பதை முடியும். அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஈவ் மார்டர் பல பத்தாண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறார். இரண்டு நண்டுகளின் முடிச்சுகளுக்குள் இணைப்புகளின் பலம் வெவ்வேறாக இருந்தும் பற்களை ஆட்டும் தாளம் ஒன்றாகவே வரலாம் என்பது அங்கே தெரியவந்த விஷயம். ஆளுக்கு ஆள் மூளை வேறுபடுவதை யோசிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. காபா என்ற இரசாயனம் நரம்பை அடக்கும் செய்தியைக் கடத்துகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைத்ததும் 1960களில் ஹார்வர்டில், சிங்க இறால்களின் நரம்பில்தான். வலிப்புக்கு ஆஸ்பத்திரியில் போடும் டயஸிபாம் வேலை செய்வது அந்தக் காபா வழியாக. இதையெல்லாம் வீண்செலவு என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

அடுத்தது வலி. "அது வெறும் அனிச்சைச் செயல்" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள், வரட்டும். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்வுட், நத்தைகளின் காலி ஓட்டைத் தேர்ந்து குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு அந்த ஓட்டுக்குள்ளேயே சிறிய மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். பிடிக்காத ஓட்டில் இருந்தவை அதிகமாக வெளியேறின, பிடித்த ஓட்டில் இருந்தவை பொறுத்துக்கொண்டு உள்ளேயே இருக்கப் பார்த்தன. அனிச்சை என்றால் ஓட்டின் தரத்தைப் பார்த்தா நடக்கும்? நம்மைப் போலவே வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை, எல்வுட்டும் அப்படி நிரூபித்ததாகச் சொல்வதில்லை. ஆனாலும் சுவிட்சர்லாந்து 2018இல் சிங்க இறாலை உயிரோடு கொதிநீரில் போடுவதைத் தடை செய்தது. பிரிட்டன் 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிய ஓர் அறிக்கைக்குப் பிறகு, 2022இல் நண்டு, இறால் வகைகளை உணர்வுள்ளவை என்று சட்டத்தில் சேர்த்தது.

நான் சைவம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "நண்டு தின்கிறவளுக்கு என்ன நியாயம்" என்று கேட்பீர்கள். போன தீபாவளிக்கு என் கொழுந்தனார் நீர்கொழும்பிலிருந்து களப்பு நண்டு கொண்டுவந்தார், கட்டுப் போட்டு, உயிரோடு. மாமி அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டார். நான் எல்லாவற்றையும் ஐஸுக்குள் புதைத்தேன். "ஏம்மா, அதுக்குக் காய்ச்சலா?" என்றார் கொழுந்தனார். சிரிப்பு. ஐஸ் வலியைப் போக்குமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை, மின்சாரத்தால் மயக்கும் கருவிதான் நல்லது என்கிறார்கள். அதற்கு ஹட்டனில் எங்கே போவது? அசைவு நின்றதும் ஒவ்வொன்றாக மல்லாத்தி, வயிற்று மடலைத் தூக்கி, கூரான கம்பியால் அந்தப் பெரிய திரளில் ஒரு குத்து, உடனே கண்களுக்கு நடுவே இன்னொன்று. ஒரு குத்து போதாது, இரண்டு மையங்கள் இருக்கின்றன அல்லவா. வேலை சில விநாடிகளில் முடிந்துவிடும். மாமி பக்கத்தில் நின்று பார்த்தார். "கால் ஒண்ணும் கழண்டு விழல" என்றார். கொதிநீரில் போட்டால் நண்டு உதறித் தன் காலைத் தானே கழற்றிவிடும், கறி பார்க்க நன்றாக இருக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே இப்போது எனக்கு முன்னால் ஐஸ் தேடுகிறார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இலங்கையின் நன்னீர் நண்டுகள் ஏறக்குறைய எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை. கடல் நண்டு போல இவற்றுக்கு நீந்தித் திரியும் குடம்பிப் பருவம் கிடையாது. தாயின் மடலுக்கடியிலேயே குட்டி நண்டாக வெளிவருவதால் தூரம் போக முடிவதில்லை, அதனால் சின்னச் சின்னப் பரப்புகளில் தனித்தனி இனங்கள். சளிக்கு ரசம் வைக்க நாங்கள் ஓடையில் கல்லைப் புரட்டிப் பிடித்தது இவற்றைத்தான். ஆனால் இவற்றைப் பற்றிப் படிக்க வழியில்லை, எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்புகளுக்கு, விஞ்ஞானப் பிரிவே இல்லை. பெறுபேறு வந்ததும் அதிபர், "பொம்பளப் புள்ள, கலைப்பிரிவு போதும்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கேட்கவில்லை, டவுனில் ரூம் எடுத்துச் சேர்த்தார். என்னோடு படித்த, என்னைவிடக் கெட்டிக்காரிகள் பலர் அந்தப் பேச்சைக் கேட்டுக் கலைப்பிரிவுக்குப் போனார்கள். இப்போதும் அங்கே உயிரியலுக்குத் தமிழில் ஆசிரியர் இல்லை. கேட்டவர் ஆசிரியர் நியமனத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் இன்னும் நீளமாக எழுதியிருப்பேன்.