மூன்றாம் ஆண்டோடு கல்லூரியை விட்டு என்எச்எல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: நாங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் மார்க்கம் நகரில் வசிக்கிறோம். மகன் 2005 மே மாதம் பிறந்தவன். ஐஸ் ஹாக்கியில் டிஃபன்ஸ் ஆடுகிறான், வலக்கை ஆட்டக்காரன். வட அமெரிக்காவின் உச்ச ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் 2023 டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஆறாம் சுற்றில் ஓர் அமெரிக்க அணி அவனை எடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வரும் மார்ச்சில் கல்லூரி சீசன் முடிந்ததும் கையெழுத்திடச் சொல்கிறது அணி. பட்டத்துக்கு இன்னும் ஓராண்டு பாக்கி. தள்ளிப்போட்டால் அடுத்த பெரிய ஒப்பந்தமும் ஒரு வருடம் தள்ளிப்போகும், வருமானம் அடிபடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். உங்கள் மகனின் பிறந்த தேதிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

என்எச்எல்லில் புதிதாக நுழைபவர் போடும் முதல் ஒப்பந்தத்தின் நீளத்தை அணியோ ஏஜென்ட்டோ பேசி முடிவு செய்வதில்லை, வயதுதான் முடிவு செய்கிறது. எந்தக் காலண்டர் ஆண்டில் கையெழுத்திடுகிறாரோ, அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று அவருக்கு என்ன வயது என்று பார்ப்பார்கள். 18 முதல் 21 வரை என்றால் மூன்று ஆண்டு. 22 அல்லது 23 என்றால் இரண்டு. 24 என்றால் ஒன்று. உங்கள் மகனுக்கு 2026 செப்டம்பரில் 21 வயது, 2027 செப்டம்பரில் 22.

இப்போது கூட்டிப் பாருங்கள். 2026 மார்ச்சில் கையெழுத்திட்டு, ஒப்பந்தம் 2026-27 சீசனில் தொடங்கினால் மூன்று ஆண்டு ஓடி 2029 கோடையில் முடியும். ஓராண்டு காத்திருந்து 2027-இல் கையெழுத்திட்டு 2027-28-இல் தொடங்கினால் இரண்டே ஆண்டு, அதுவும் 2029 கோடையில்தான் முடியும். கையெழுத்திட்ட அதே வசந்தத்தில் ஓர் என்எச்எல் ஆட்டமாவது ஆட வைத்து முதல் ஆண்டைக் கழித்துவிடும் ஏற்பாடு கிடைத்தாலும் இதே கதைதான்: இரண்டு வழியிலும் 2028. இரண்டாவது ஒப்பந்தம், அதாவது உண்மையான பணம் பேசப்படும் ஒப்பந்தம், ஒரே கோடையில் வருகிறது. காத்திருப்பதால் போவது ஓராண்டு தொழில்முறைச் சம்பளம் மட்டுமே.

அந்தச் சம்பளம் எவ்வளவு? 2023-இல் டிராஃப்ட் ஆனவர்களுக்கு முதல் ஒப்பந்தத்தின் உச்சவரம்பு ஆண்டுக்கு 950,000 அமெரிக்க டாலர். இதில் அதிகபட்சம் பத்தில் ஒரு பங்கு, 95,000 டாலர், கையெழுத்து போனஸாக வரலாம். செய்தியில் படிக்கும் அந்த ஒன்பதரை லட்சம் என்எச்எல் அணியில் இருக்கும் நாட்களுக்கு மட்டுமே உரியது. சம்பளம் நாள் கணக்கில் வரும். ஒரு சீசன் ஏறத்தாழ 190 நாள் என்றால் நாளுக்குச் சுமார் 4,500 டாலர். முதல் ஒப்பந்தம் எப்போதும் இருவழி ஒப்பந்தம் என்பதால், அடுத்த நிலை லீக்கான ஏஎச்எல்லுக்கு அனுப்பப்பட்ட மறுநாளே சம்பளம் சிறு லீக் அளவுக்கு இறங்கிவிடும். அதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலரை ஒட்டி நிற்கிறது. ஆறாம் சுற்று டிஃபன்ஸ்மேன் முதல் ஆண்டு முழுவதையும் ஏஎச்எல்லில் கழிப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் வருமானம், போனஸ் முழுதாகக் கிடைத்தால்கூட, வரிக்கு முன் ஒன்றே முக்கால் லட்சம் டாலர் அளவில் இருக்கும். ஆறாம் சுற்றுக்காரருக்கு முழு போனஸ் தருவது கட்டாயமும் இல்லை. பேசி வாங்க வேண்டிய இடம் அதுதான். என்எச்எல் சம்பள எண்ணைவிட கையெழுத்து போனஸும் சிறு லீக் சம்பளமும்தான் உங்கள் வீட்டுக்கு வரும் பணம். ஆலோசகரிடம் அந்த இரண்டு எண்களைத்தான் முதலில் கேளுங்கள். போனஸ் மொத்தமாக வருவதால் வரிக்கான பங்கைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். கனடா, அமெரிக்கா இரண்டு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

"ஆண்டைக் கழிப்பது" பற்றி ஒரு விளக்கம், ஏனென்றால் குடும்பங்கள் இதை அளவுக்கு மீறிப் பெரிதாக நினைக்கின்றன. லூக் ஹியூஸ் மிஷிகன் பல்கலைக்கழகத்திலிருந்து 2023 ஏப்ரலில் நியூ ஜெர்சி டெவில்ஸுக்கு வந்து லீக் சுற்றில் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் முதல் ஆண்டு அதோடு தீர்ந்தது. 2025 கோடையில் ஒப்பந்தம் முடிந்தபோதோ, வேறு அணிகள் அவருக்கு ஆஃபர் ஷீட் (போட்டி ஒப்பந்த முன்மொழிவு) கொடுக்க வழியில்லை. ஒப்பந்த ஆண்டு வேறு, தொழில்முறை அனுபவ ஆண்டு வேறு. 20 அல்லது அதற்கு மேல் வயதுள்ளவருக்கு ஓர் அனுபவ ஆண்டு சேர வேண்டுமானால் அந்த சீசனில் பத்து ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். ஏப்ரலில் இரண்டு மூன்று ஆட்டம் ஆடினால் ஒப்பந்தம் சீக்கிரம் முடியும், பேரம் பேசும் பலம் முழுதாக வந்துவிடாது. முதல் சுற்று வீரர்களுக்கு இந்தச் சலுகை எளிதில் கிடைக்கும். உங்கள் மகனுக்கு அணி பெரும்பாலும் சொல்லப்போவது வேறு: ஒப்பந்தம் 2026-27-இல் தொடங்கும், அதுவரை ஏஎச்எல் அணியில் அமெச்சூர் ட்ரைஅவுட் என்ற தற்காலிகச் சேர்க்கையில் சில ஆட்டங்கள் ஆடிப் பழகு. அது மோசமான ஏற்பாடு அல்ல. ஆனால் கையெழுத்து போட்ட நிமிடமே கல்லூரி ஆட்டத் தகுதி போய்விடும், திரும்பி வர முடியாது.

இனி நான்காம் ஆண்டின் பக்கம். கல்லூரி மாணவராக இருந்து பட்டம் முடிக்கும் வீரரின் உரிமை, அவருடைய வகுப்பு பட்டம் பெறும் ஆண்டின் ஆகஸ்ட் 15 வரைதான் டிராஃப்ட் செய்த அணியிடம் இருக்கும். உங்கள் மகனுக்கு அது 2027 ஆகஸ்ட் 15. அதற்குள் கையெழுத்தாகாவிட்டால் அவர் சுதந்திர வீரர், எந்த அணியோடும் பேசலாம். இதைப் பயன்படுத்தியவர்களில் உங்கள் மகனுக்கு நெருக்கமான உதாரணம் வில் புட்சர். கொலராடோ 2013-இல் ஐந்தாம் சுற்றில் எடுத்த டிஃபன்ஸ்மேன். டென்வர் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டும் ஆடினார், 2017-இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருது வாங்கினார், ஆகஸ்டில் சுதந்திரமானதும் நியூ ஜெர்சியைத் தேர்ந்தெடுத்தார், முதல் சீசனிலேயே கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து 44 புள்ளி எடுத்தார். ஹார்வர்டின் ஜிம்மி வெசி 2016-இல் இதே வழியில் நாஷ்வில்லை விட்டு ரேஞ்சர்ஸுக்குப் போனார். இடையில் நாஷ்வில் அவருடைய உரிமையை ஒரு டிராஃப்ட் தேர்வுக்கு ஈடாக பஃபலோவுக்குக் கொடுத்தும் பயனில்லாமல் போனது.

இந்த உதாரணங்களை நம்பிக்கையோடு படியுங்கள், ஆனால் அளவோடு. அவர்கள் இருவரும் நான்காம் ஆண்டில் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களானவர்கள். நான்காம் ஆண்டு சுமாராகப் போனால் ஆகஸ்ட் 15 ஓர் ஆயுதமாக இருக்காது, அணி விலகிக்கொள்ள வசதியான தேதியாகிவிடும். ஒவ்வொரு என்எச்எல் அணிக்கும் ஒரே நேரத்தில் 50 ஒப்பந்தங்கள்தான் அனுமதி. பொது மேலாளர் மாறினால் பழைய ஆறாம் சுற்றுப் பெயர்கள்தான் முதலில் பட்டியலிலிருந்து நழுவும். இன்னொன்று: கையெழுத்திடாமல் கல்லூரியை மட்டும் பாதியில் விட்டால் உரிமை உடனே அறுந்துவிடும் என்று சிலர் தவறாகச் சொல்வார்கள். அப்படி இல்லை, அணியின் பிடி தொடரும்.

நான்காம் ஆண்டில் ஆட்ட நேரம் தானாகக் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளில் (இளைஞர்களுக்கான உயர்நிலை லீக்குகள்) ஆடியவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் கதவு திறந்துவிட்டது. அங்கிருந்து இளம் நட்சத்திரம் கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது ஊரறிந்த செய்தி. 20 வயது முதிர்ந்த மேஜர் ஜூனியர் டிஃபன்ஸ்மேன்கள் எல்லா அணிகளிலும் வந்து சேர்கிறார்கள். வீரர்களோடு வருவாயைப் பகிரும் முறைக்கு வந்த கல்லூரிகளில் அணிக்கு 26 பேர் என்ற வரம்பும் உண்டு. ஆகவே கல்லூரிப் பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள்: அடுத்த ஆண்டு டிஃபன்ஸின் முதல் ஜோடியில் இடமா? பவர் பிளேயா (எதிரணியில் ஆள் குறையும்போது), பெனால்டி கில்லா (நம் அணியில் ஆள் குறையும்போது)? இரண்டிலும் இடமில்லை என்றால் நான்காம் ஆண்டின் ஹாக்கி மதிப்பு பாதியாகக் குறைகிறது.

அதே கேள்வியை என்எச்எல் அணியிடமும் கேட்க வேண்டும், விடை வெளியில் பார்க்கக் கிடைப்பதால் அவர்கள் சொல்வதைச் சரிபார்க்கவும் முடியும். பக்பீடியா போன்ற தளங்களில் அணியின் ஒப்பந்தங்கள் எல்லாம் இருக்கின்றன. அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் உள்ள டிஃபன்ஸ்மேன்களை எழுதிக்கொள்ளுங்கள். அதில் வலக்கைக்காரர் எத்தனை பேர், எத்தனை பேருக்கு 24 வயதுக்குக் கீழ், யாருடைய ஒப்பந்தம் இந்தக் கோடையில் முடிகிறது என்று பிரியுங்கள். ஏஎச்எல் அணியில் மூன்று வலக்கை இடங்கள் என்று வைத்தால், உங்கள் மகனுக்கு முன் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அவர் கேலரியில் உட்கார்ந்து பார்க்கும் ஏழாவது ஆளாகவோ, அதற்கும் கீழ்நிலை லீக்கான இசிஎச்எல்லுக்கு அனுப்பப்படுபவராகவோ ஆகலாம். என்எச்எல் ஒப்பந்தத்தில் இருப்பவர் இசிஎச்எல்லுக்குப் போனாலும் சிறு லீக் சம்பளம் குறையாது. குறைவது கவனிக்கும் கண்களின் எண்ணிக்கை. ஏஎச்எல்லில் ஒரு விதி புதியவர்களுக்கு உதவுகிறது: ஆட்டத்தில் இறங்கும் 18 பேரில் 13 பேர் வளரும் வீரர்களாக இருக்க வேண்டும், பழையவர்களால் முழு அணியையும் நிரப்ப முடியாது.

உடல் ரீதியாகத் தயாரா என்பதையும் பாருங்கள். கல்லூரியில் லீக் சுற்று 34 ஆட்டம் வரை, பெரும்பாலும் வெள்ளி சனி. வாரத்தின் நடுநாட்கள் ஜிம்முக்கும் பயிற்சிக்கும் கிடைக்கும். ஏஎச்எல்லில் 72 ஆட்டம், சில வாரங்களில் மூன்று நாளில் மூன்று ஆட்டம், இடையில் இரவுப் பேருந்து. எடை ஏற்றிக்கொள்ள நேரம் கிடைப்பது கல்லூரியில்தான், சீசன் நடுவே ஏஎச்எல்லில் எடையைத் தக்கவைப்பதே பாடு. டிஃபன்ஸ்மேன்கள் முதல் குளிர்காலத்தில் திணறுவது வேகத்தால் அல்ல. கல்லூரியில் பக்கை (ஆட்டத் தட்டை) பின்புறம் சென்று எடுத்துத் திரும்பிப் பார்க்க ஒரு விநாடி கிடைக்கும், இங்கே துரத்தி வரும் எதிரணி ஃபோர்செக்கர் அதற்குள் முதுகில் இருப்பார். திரும்பும் முன்னே இரு தோளுக்கும் மேல் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் பக்கைத் தொலைப்பார், அடியும் வாங்குவார். அவனுடைய கடைசிப் பத்து ஆட்டங்களின் வீடியோவில் இந்த ஒரு செயலை மட்டும் எண்ணிப் பாருங்கள். அழுத்தத்தின் கீழ் எடுத்த பக்கில் எத்தனை சக ஆட்டக்காரரின் மட்டைக்குச் சேர்ந்தது, எத்தனை கண்ணாடியில் அடித்து வீணானது. புள்ளிப் பட்டியலைவிட இதுதான் அவன் தயாரா என்று காட்டும்.

எங்கள் கருத்தைக் கேட்டால்: கல்லூரியில் முதல் ஜோடி உறுதி, அணியின் வலக்கை வரிசையில் கூட்டம் என்றால் நான்காம் ஆண்டை முடிக்கட்டும். ஒப்பந்தக் கணக்கு அதைத் தண்டிக்கவில்லை, பட்டமும் கையில் வரும். வலக்கை வரிசை காலியாக இருந்து, போனஸும் நியாயமாக இருந்து, கல்லூரியில் புதியவர்கள் அவனுடைய நிமிடங்களைத் தின்னப்போகிறார்கள் என்றால் போகட்டும். நடுவில் நிற்கும் நிலையாக இருந்தால் பட்டத்தின் பக்கமே சாய்வோம். மூன்றாண்டு முடிவில் அணி தகுதி ஆஃபர் (உரிமையைத் தக்கவைக்கும் புது ஒப்பந்த முன்மொழிவு) கொடுக்காமல் விட்டுவிடும் ஆறாம் சுற்று வீரர்கள் குறைவில்லை. ஏஎச்எல் ஒப்பந்தமும் ஐரோப்பிய லீக்குகளும் நல்ல வாழ்க்கைதான், ஆனால் 25 வயதில் மீண்டும் இளங்கலை வகுப்பில் போய் உட்காருவது மிகச் சிலருக்கே முடிகிறது.

போவது என்று முடிவானால் மார்ச் மாதத்து அவசரத்தில் இரண்டு காரியங்கள் விட்டுப்போகும். ஒன்று, பாதியில் நிற்கும் செமஸ்டர். வகுப்புகளிலிருந்து விலகிவிடாமல், பதிவாளர் அலுவலகத்தில் பேசி, முடிக்கப்படாத பாடம் என்று குறித்து வாங்கிக் கோடையில் எழுதி முடிக்கலாமா என்று கேளுங்கள். பட்டத்துக்கு எத்தனை பாட அலகுகள் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்திருக்க வேண்டும், மிச்சத்தை ஆன்லைனிலோ ஒன்டாரியோவிலோ படித்து மாற்றலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். உதவித்தொகை பின்னர் தொடருமா என்பதும் அதே கடிதத்தில் வரட்டும்.

இரண்டு, விசா. கனடியக் குடிமகனாக அவன் எஃப்-1 மாணவர் தகுதியில் இருக்கிறான். அந்தத் தகுதியில் அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆட முடியாது. அணி அவனுக்காக பி-1 (P-1) விளையாட்டு வீரர் மனு போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். கட்டணம் கூட்டிக் கொடுத்து விரைவுப் பரிசீலனை கேட்டாலும் 15 வேலை நாள் வரை ஆகலாம், ஏஎச்எல் சீசனில் அப்போது மிச்சமிருப்பதே சில வாரங்கள். எனவே மனு எப்போது தாக்கலாகும் என்ற தேதியைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் சொல்லாமல் வகுப்பை விட்டால் மாணவர் தகுதி மீறலாகப் பதிவாகும், அடுத்த முறை எல்லையில் கேள்வி வரும். முறையாக அனுமதி பெற்று விலகினால் நாட்டைவிட்டு வெளியேற 15 நாள் அவகாசம் உண்டு. அந்த அலுவலகத்துக்கு முதல் மின்னஞ்சல் பிப்ரவரியிலேயே போகட்டும். அவனுடைய ஆலோசகர் அணியோடு நேரடியாகப் பேரம் பேசத் தொடங்குவதற்கு முன் கல்லூரியின் விதி இணக்க அலுவலகத்துக்கும் ஒன்று போக வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட்டாக ஒருவரை அமர்த்துவதே ஆட்டத் தகுதியைப் பறிக்கக்கூடும். நான்காம் ஆண்டு என்ற வழி அதோடு அடைபட்டுவிடும்.