கங்காணி மகனும் குவாட்டர்பேக்கும்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் அணியின் தாக்குதலை நடத்தும் இளம் குவாட்டர்பேக்குகளுக்குத் தலைமைக் குணம் கூடப் பிறந்ததா, மூத்தவரிடம் கற்றதா? எங்கள் தோட்டத்து கிரிக்கெட் அணிக்குப் பதினேழு வயதுப் பையனைத் தலைவராக்கலாமா என்று ஒரே சண்டை. (வாசகர், அட்டன்)

பதில்: குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை கான்சஸ் சிட்டி அணி 2017இல் எடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் ஆடியது ஒரே ஆட்டம்; மற்ற நாளெல்லாம் அணியின் மூத்த குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் எப்படித் தயாராகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 2018 பருவத்தில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. சரி, எல்லாம் ஸ்மித் தந்ததா? மஹோம்ஸின் அப்பா தொழில்முறை பேஸ்போல் பந்துவீச்சாளர். பையன் பெரிய ஆட்டக்காரர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தே வளர்ந்தவன். அதை ரத்தம் என்பார்கள். நான் பழக்கம் என்பேன்.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் மகன்தான் அடுத்த கங்காணி என்று கேட்டு வளர்ந்தவன் நான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் எங்கள் பெரட்டுக்களத்தில் கங்காணி மகன் வாயே திறக்கமாட்டான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோ குறைத்து எழுதினால் எல்லோருக்குமாகக் கேட்டது, தன் அம்மாவின் பக்கத்தில் நின்று பழகிய ஒரு பெண்பிள்ளை.

பையனையே தலைவராக்குங்கள். ஆனால் இந்த சீசன் முழுக்கப் பழைய தலைவரை அவனுக்குப் பக்கத்திலேயே, ஸ்லிப்பில் நிறுத்துங்கள்.