பழைய தேயிலை மண்ணில் சோளம்: டொலமைட்டா, மாட்டெருவா?

பசறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கைவிட்டுக் கிடந்த தேயிலை மலையில் 20 பேர்ச் துப்புரவாக்கி, போன பெரும்போகத்துக்குச் சோளம் போட்டோம். இடுப்பளவுக்கு மேல் வளரவில்லை, இலை ஊதாவாகிவிட்டது, கதிரும் சிறுத்துப்போனது. யூரியா போட்டும் பலனில்லை. சுண்ணாம்பு போடு என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். மாட்டெரு போதும் என்கிறார் அம்மா. எது சரி?"

இரண்டும் வேண்டும். சுண்ணாம்பு என்றால் உங்களுக்கு ஏற்றது டொலமைட், அதாவது கல்சியமும் மக்னீசியமும் உள்ள சுண்ணாம்புக்கல் தூள். ஒன்று செய்யும் வேலையை மற்றது முழுதாகச் செய்யாது.

தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், பிஎச் 4.5 முதல் 5.5 வரை (பிஎச் என்பது புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). சோளத்துக்கு 5.5க்கு மேல் வேண்டும். மலைநாட்டு மழை மண்ணிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போகிறது. பல வருடம் தேயிலைக்குப் போட்ட அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் புளிப்பை இன்னும் கூட்டியிருக்கும். நீங்கள் மேலும் யூரியா போட்டது அதே வழியில்தான் போயிருக்கிறது.

பிஎச் 5க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். பொஸ்பரசையும் அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊதா நிறம் பொஸ்பரசு பற்றாக்குறையின் அடையாளம். ஆனால் குளிர் நாட்களில் இளங்கன்றுகள் சும்மாவே ஊதாவாகும், அதனால் இலையை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்த முறை ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் தடித்து, குட்டையாக, சல்லி வேர் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் அலுமினியத்தின் வேலைதான்.

தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் சமயத்தில் டொலமைட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கும் அதுதான் நல்லது, மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும். அளவை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள். அது தேயிலைக்கான கணக்கு. வெற்றிலைச் சுண்ணாம்பு, சுட்ட சுண்ணாம்பு பக்கம் போகவே வேண்டாம்: அளவு சற்றுத் தப்பினாலும் பயிர் கருகும், கையும் புண்ணாகும்.

எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். எட்டுப் பத்து இடத்தில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தோண்டிக் கலந்து, அரைக் கிலோ எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். முடியாவிட்டால் ஹெக்டயருக்கு 2 தொன் என்ற நிதானமான அளவில் தொடங்கலாம். ஒரு பேர்ச் சுமார் 25 சதுர மீற்றர், ஆகவே பேர்ச்சுக்கு 5 கிலோ, உங்கள் நிலத்துக்கு 100 கிலோ, அதாவது இரண்டு 50 கிலோ மூட்டை. மாவு போல அரைத்ததை வாங்குங்கள். குறுணியாக இருந்தால் வேலை செய்ய வருடக்கணக்காகும். மேலே தூவிவிட்டால் மழையில் சரிவோடு போய்விடும், மண்வெட்டியால் 15 சென்ரிமீற்றராவது கொத்திக் கலக்க வேண்டும். ஈரம் இல்லாமல் அது கரையாது. ஒக்டோபர் மழைக்கு விதைப்பதானால் செப்டெம்பர் தொடக்கத்தில், ஒரு தூறல் விழுந்ததும் போடுங்கள்.

அம்மா சொல்லும் எருவின் பங்கு வேறு. மக்கிய எருவிலுள்ள கரிமப் பொருள் அலுமினியத்தைக் கட்டிப்போடும், பொஸ்பரசு சிக்கிக்கொள்ளும் இடங்களை முன்கூட்டியே நிரப்பிவிடும். கொஞ்சம் கல்சியமும் தரும். ஆனால் எருவை மட்டும் வைத்து இந்த மண்ணைத் திருத்த உங்கள் பட்டியில் இருக்கும் மாடுகள் போதாது. பேர்ச்சுக்கு 25 கிலோ மக்கிய எரு நல்ல அளவு. அவ்வளவு இல்லையென்றால் நிலமெல்லாம் பரப்பாமல் குழிக்கு இரண்டு கைப்பிடி போடுங்கள். முட்டைக் கோழி எருவில் தீவனத்தின் கல்சியமும் சேர்ந்திருக்கும், புளிப்புக்கு அது இன்னும் நல்லது. பச்சையாகப் போட்டால் விதை கருகும், ஆறவிட்டுப் பாவியுங்கள்.

எருவையும் டொலமைட்டையும் ஒரே நாளில் கலக்காதீர்கள், தழைச்சத்தில் ஒரு பகுதி அமோனியாவாகப் பறந்துவிடலாம். முதலில் டொலமைட், இரண்டு மூன்று வாரம் கழித்து எரு. யூரியாவுக்கும் இதே இடைவெளி வேண்டும். விறகு அடுப்பு இருக்கும் வீட்டில் சாம்பலை வீசாதீர்கள். டொலமைட்டைவிட பலம் குறைவு என்றாலும் புளிப்பைக் குறைக்கும், பொட்டாசியமும் தரும்.

ஒவ்வொரு போகமும் டொலமைட் தேவையில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து மறுபடி மண்ணைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அளவு மீறினால் சோளத்துக்கு நாகச்சத்து (சிங்க்) கிடைக்காமல் இலையில் வெள்ளைக் கோடு விழும். சோளத்துக்கு அப்புறம் உருளைக்கிழங்கு போடும் எண்ணம் இருந்தால் இன்னும் குறைத்தே போடுங்கள், புளிப்பு குறைந்த மண்ணில் கிழங்கில் சொறி நோய் அதிகம்.