பிளஸ் 2-வில் 95, முதல் செமஸ்டரில் அரியரா?

கேள்வி: என் மகன் பிளஸ் 2 கணிதத்தில் 95 வாங்கியிருக்கிறான். பொறியியலில் சேரப் போகிறான். முதல் செமஸ்டர் கணிதத்தில் பலருக்கு அரியர் விழுகிறது என்கிறார்களே, கல்லூரி திறக்கும் முன் எதைப் படிக்கச் சொல்லலாம்?
– வாசகி, விழுப்புரம்

பதில்: முதலில் அவருடைய பிளஸ் 1 கணிதப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். பிளஸ் 2 நுண்கணிதத்தில் இருப்பவை பெரும்பாலும் பயன்பாடுகள்தான். அடிப்படை வகையிடலும் தொகையிடலும் பிளஸ் 1-ன் 10, 11-ஆம் பாடங்கள். பல பள்ளிகள் அவற்றை ஒப்புக்கு நடத்திவிட்டு பிளஸ் 2-க்குத் தாவிவிடுகின்றன. மாணவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

பிளஸ் 2 தாளில் எழுத்துத் தேர்வின் 90-ல் 20 மதிப்பெண், விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி வந்த ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ வினாத்தாளில் அப்படி ஒரு கேள்விகூடக் கிடையாது. 2 மதிப்பெண்ணில் பத்து, 16 மதிப்பெண்ணில் ஐந்து. நேரம் 3 மணி. 16 மதிப்பெண் கணக்குக்கு 27 நிமிடத்துக்கு மேல் கொடுத்தால் சரிபார்க்க நேரம் இருக்காது. (சேரும் கல்லூரியின் நடப்புப் பாடத்திட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

தினம் ஒரு மணி நேரம் போதும். முதல் இரண்டு வாரம் வகையிடல். அடுத்த மூன்று வாரம் பிரதியிடல், பகுதிப் பின்னம், பகுதித் தொகையிடல். கல்லூரியில் வரும் இரட்டைத் தொகையிடலில் பலர் எல்லைகளைச் சரியாகப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் பிளஸ் 1 தொகையிடலில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

பிறகு அணிகள். 3×3 அணியின் ஐகன் மதிப்பு (ஒரு வெக்டரின் திசைக்கோட்டை மாற்றாமல் அணி அதை எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்) காண λ³ − S₁λ² + S₂λ − S₃ = 0 என்று எழுத வேண்டும். S₁ மூலைவிட்டக் கூடுதல், S₂ மூலைவிட்ட உறுப்புகளின் சிற்றணிக்கோவைகளின் கூடுதல், S₃ அணிக்கோவை. நிரைகள் (2, 0, 1), (0, 2, 0), (1, 0, 2) என்றால் S₁ = 6, S₂ = 11, S₃ = 6; மதிப்புகள் 1, 2, 3. கூட்டினால் S₁, பெருக்கினால் S₃ வர வேண்டும். வராவிட்டால் சமன்பாட்டைத் தீர்த்ததில் ஏதோ தவறியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஐகன் வெக்டருக்குப் போனால் அடுத்த ஒரு பக்கமும் வீண்.

கேள்வி: நான் தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலத்தில் பாடம் புரியுமா?
– மாணவி, திண்டுக்கல்

பதில்: புரியும். பாடநூல் கழகத்தின் அதே பிளஸ் 1, பிளஸ் 2 புத்தகங்கள் ஆங்கிலவழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பயிற்சி எண்கள் இரண்டிலும் ஒன்றே. பிளஸ் 1-ன் பயிற்சி 11.1-ஐ இரு மொழிப் புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். கணக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் சொற்கள் தானாகப் பழகும். வாசிப்பதோடு நிற்காமல் தினம் இரண்டு கணக்கை ஆங்கிலத்திலேயே, ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுதி, முழுதாகப் போட்டுப் பாருங்கள்.